மூக்கோரத்துச் சின்னத் தசை: லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்கே நேசையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முகத் தசைகளைப் படிக்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். பெயர், தொடக்கம், முடிவு, நரம்பு, வேலை என்று ஐந்து கட்டம் போட்டு, இருபது தசைகளுக்கும் மேல் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த கையோடு அதெல்லாம் மறந்துவிடுகிறது. இந்த வழிகாட்டி வேறு பாதையில் போகிறது. ஒரே ஒரு தசையை எடுத்துக்கொள்வோம். அது எலும்பில் தொடங்கும் இடத்திலிருந்து தோலில் போய் முடியும் இடம்வரை, நம் முகத்திலேயே விரல் வைத்துத் தொடர்வோம். அந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் தசைகளும் குழாய்களும் நரம்புகளும் எங்கே இருக்கின்றன என்பது கூடவே புரிந்துவிடும்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது மூக்கின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய தசைப்பட்டை. அதன் பெயர் லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்கே நேசை. உடலிலுள்ள தசைப் பெயர்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று இது. மேலுதட்டையும் மூக்கின் இறக்கையையும் தூக்குவது என்பதுதான் பெயரின் பொருள். தசையின் வேலை முழுவதும் பெயரிலேயே இருப்பதால் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். வகுப்பில் சுருக்கமாக எல்எல்எஸ்ஏஎன் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, மண்டையோட்டு மாதிரி அல்லது அதன் தெளிவான படம் ஒன்று, இரண்டு மூன்று வண்ணப் பென்சில்கள் இருந்தால் போதும்.

படி 1: முதலில் உங்கள் முகத்தில் கண்டுபிடியுங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவரானால் அதைக் கழற்றுங்கள். அதன் இரண்டு சிறிய மெத்தைகளும் மூக்கின் பக்கவாட்டில் பதிந்த தடம் தெரியும். ஆள்காட்டி விரல்களை அந்தத் தடத்துக்குச் சற்றுக் கீழே, கன்னப் பக்கமாக நகர்த்தி மெதுவாக வையுங்கள். அழுத்த வேண்டாம், தோலைத் தொட்டாலே போதும்.

இப்போது கெட்டுப்போன மீன் நாற்றம் அடித்ததுபோல மூக்கைச் சுளியுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ திரண்டு மேலே ஏறுவது தெரியும். அதே நேரத்தில் கண்ணாடியில் மூன்றைக் கவனியுங்கள். மூக்கின் பக்கவாட்டில் சாய்வான சுருக்கங்கள் விழும். மூக்கிறக்கை மேலே எழும்பி, நாசித்துவாரம் விரியும். மேலுதட்டின் நடுப்பகுதி பற்களிலிருந்து விலகி உயரும். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தால் எல்எல்எஸ்ஏஎன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கை இரண்டிலும் சாமான் இருக்கும்போது, சரிந்த மூக்குக் கண்ணாடியை மூக்கைச் சுருக்கியே மேலே ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அசைவில் பெரும்பங்கு இந்தத் தசைக்குத்தான்.

அப்புறம் ஒரு பக்கம் மட்டும் சுளிக்க முயன்று பாருங்கள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராவிட்டால் கோளாறு ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி மேலுதட்டை ஒரு பக்கமாகத் தூக்கும் பாணிக்குப் பேர்போனவர். அதனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மாணவர்கள் இதை எல்விஸ் தசை என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

படி 2: எலும்பில் வேர் எங்கே என்று பாருங்கள்

மண்டையோட்டை எடுத்து, மூக்கு ஓட்டையின் பக்கவாட்டில் பாருங்கள். மேல்தாடை எலும்பிலிருந்து, அதாவது மேக்ஸில்லாவிலிருந்து, ஒரு தகடு நெற்றியை நோக்கி ஏறிப்போகும். அதுதான் மேக்ஸில்லாவின் ஃபிரான்டல் பிராசஸ். அதற்கு முன்னால் மூக்கெலும்பு, மேலே நெற்றியெலும்பு, பின்னால் கண்குழி. இந்தத் தகட்டின் வெளிப்புற மேல்பகுதியில்தான் நம் தசை பிறக்கிறது.

அதே தகட்டின் பின்பக்கமாக விரலை ஓட்டினால் நெடுக்காக ஒரு மேடு தட்டுப்படும். முன் லாக்ரிமல் மேடு என்பது அதுதான். அதற்குப் பின்னாலுள்ள குழிவில் கண்ணீர்ப்பை உட்கார்ந்திருக்கிறது. ஆக, தசையின் வேர் கண்ணீர்ப்பைக்கு முன்னாலேயே இருக்கிறது. இந்த ஓர் அடையாளத்தை மனதில் பதித்துக்கொண்டால், தசை எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்பதில் குழப்பமே வராது. பல மாணவர்கள் இதை மூக்கிறக்கைக்குப் பக்கத்திலேயே தொடங்குவதுபோல வரைகிறார்கள். உண்மையில் இது கண்ணின் உள்மூலை உயரத்திலிருந்து இறங்கி வருகிறது. தொடங்கும் இடத்தை ஆர்பிகுலாரிஸ் ஆக்குலையின் நார்கள், அதாவது கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையின் நார்கள், மேலே மூடியிருக்கும்.

படி 3: நார்களோடு கீழே இறங்குங்கள்

வேரிலிருந்து நார்கள் மூக்கின் ஓரமாகக் கீழே, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து போகின்றன. போகும் வழியில் இரண்டாகப் பிரிகின்றன.

உள் கிளை மூக்கிறக்கைக்குப் போகிறது. அங்கே மூக்கிறக்கைக்கு வடிவம் தரும் அலார் குருத்தெலும்பின் பக்கவாட்டுத் தகட்டைப் போர்த்திய சவ்விலும், அதற்கு மேலுள்ள தோலிலும் பிடித்துக்கொள்கிறது. நாசித்துவாரத்தை விரிக்கும் வேலை இந்தக் கிளைக்கு.

வெளிக் கிளை மேலுதட்டுக்குப் போகிறது. அங்கே பக்கத்துத் தசையான லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸோடும், வாயைச் சுற்றியுள்ள ஆர்பிகுலாரிஸ் ஆரிஸோடும் கலந்துவிடுகிறது. மேலுதட்டைத் தூக்கி லேசாக வெளிப்பக்கம் பிதுக்குவதும், மூக்கிலிருந்து வாயோரம் நோக்கி வரும் மடிப்பின் மேல்பகுதியை ஆழமாக்குவதும் இந்தக் கிளைதான்.

இங்கே ஒரு நிமிடம் நிற்பது நல்லது. கையிலுள்ள பைசெப்ஸ் எலும்பில் தொடங்கி எலும்பில் முடிகிறது. சுருங்கினால் மூட்டு மடங்குகிறது. முகபாவத் தசைகளில் பெரும்பாலானவை எலும்பில் தொடங்கித் தோலிலோ மென்திசுவிலோ முடிகின்றன. அவற்றை உறைபோல மூடும் ஆழ்சவ்வும் கிடையாது, கன்னத்திலுள்ள பக்ஸினேட்டர் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் சுருங்கியதும் மூட்டு அசையாமல் தோல் அசைகிறது, சுருக்கம் விழுகிறது. சுருக்கம் எப்போதும் தசை இழுக்கும் திசைக்குக் குறுக்காக விழும். இந்த ஒரு விதி தெரிந்தால், யார் முகத்திலும் எந்தத் தசை வேலை செய்கிறது என்று சுருக்கத்தை வைத்தே கணிக்கத் தொடங்கிவிடலாம்.

படி 4: அக்கம்பக்கத்தைப் பிரித்தறியுங்கள்

இந்தப் படிதான் கடினம், நேரம் எடுத்துச் செய்ய வேண்டியதும் இதுதான். மூக்கைச் சுற்றி நெருக்கமாக ஆறேழு தசைகள் இருக்கின்றன, ஒன்று சுருங்கும்போது மற்றதும் கூடவே இழுபடும்.

அதிகம் குழப்புவது பெயரிலேயே பாதியைப் பகிர்ந்துகொள்ளும் லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ், சுருக்கமாக எல்எல்எஸ். இது கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து, அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழேயுள்ள இன்ஃப்ராஆர்பிட்டல் துளைக்கு மேலே தொடங்குகிறது. நேராக மேலுதட்டுக்கு இறங்குகிறது, மூக்கிறக்கையைத் தொடுவதில்லை. அந்தத் துளையிலிருந்து வெளியே வரும் நரம்பு இந்தத் தசைக்கு அடியில் மறைந்திருக்கிறது. அதற்கும் வெளிப்பக்கம், கன்ன எலும்பிலிருந்து வருவது சைகோமேட்டிகஸ் மைனர். பழைய நூல்கள் இந்த மூன்றையும் தனித்தனித் தசைகளாகப் பார்க்காமல், குவாட்ரேட்டஸ் லேபியை சுப்பீரியோரிஸ் என்ற ஒரே தசையின் மூன்று தலைகள் என்றன. நம் தசைக்கு அதில் கோணத் தலை என்று பெயர். பழைய புத்தகத்தில் இந்தப் பெயரைப் பார்த்துத் தடுமாறாதீர்கள்.

கண்ணாடி முன் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். மூக்கைச் சுருக்காமல் மேலுதட்டை மட்டும் நேராக மேலே தூக்கிப் பற்களைக் காட்ட முயலுங்கள். மூக்கின் வேர்ப்பகுதியில் சுருக்கம் விழாமல் உதடு மட்டும் உயர்ந்தால் அது பெரும்பாலும் எல்எல்எஸ். மூக்கோரம் சுருங்கி, இறக்கையும் சேர்ந்து எழும்பினால் எல்எல்எஸ்ஏஎன்.

அடுத்தது நேசாலிஸ். இது இரண்டு பகுதி. குறுக்குப் பகுதி மேல்தாடையிலிருந்து ஏறி, மூக்கின் தண்டின் மேல் எதிர்ப்பக்கத்து ஜோடியோடு ஒரு மெல்லிய சவ்வால் இணைந்து, மூக்கை நெருக்குகிறது. இறக்கைப் பகுதி நாசித்துவாரத்தை விரிக்கிறது. எல்எல்எஸ்ஏஎன் மேலிருந்து இறங்குகிறது, நேசாலிஸ் கீழே பற்களின் வேர்களுக்கு மேலிருந்து ஏறுகிறது. இந்த எதிர்த்திசையை நினைவில் வையுங்கள். சோதனையும் எளிதுதான். முகத்தில் சுருக்கமே விழாமல் நாசித்துவாரங்களை மட்டும் விரித்து ஆழ்ந்து மூச்சிழுங்கள். அப்படிச் செய்ய முடிந்தால் அது நேசாலிஸின் இறக்கைப் பகுதியும் அதன் கூட்டாளிகளும் செய்கிற வேலை. நம் தசை அதில் பெரிதாகச் சேரவில்லை.

புரோசெரஸ் மூக்கின் வேரிலிருந்து புருவங்களுக்கு நடுவே ஏறுவது. புருவ நடுவை அது கீழே இழுப்பதால் மூக்கின் வேரில் குறுக்குக் கோடு விழும். டிப்ரெசர் செப்டை நேசை இரு நாசித்துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் அடியில் இருப்பது. சிலர் சிரிக்கும்போது மூக்கு நுனி கீழே இறங்குவது இதனால்தான். இந்த இரண்டையும் இப்போதைக்கு இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

படி 5: நரம்பை மூளையிலிருந்து தொடருங்கள்

தசையை அசைப்பது ஏழாவது கபால நரம்பான முகநரம்பு. கருவில் இந்தத் தசை இரண்டாவது தொண்டை வளைவிலிருந்து உருவாகிறது. அந்த வளைவின் நரம்பு முகநரம்பு என்பதால், தசை முகத்துக்கு நகர்ந்து வந்த பிறகும் நரம்பு அதுவேதான். நடுக்காதிலுள்ள குட்டித் தசையான ஸ்டெபீடியஸும் இதே வளைவில் பிறந்தது. முகவாதம் வந்த சிலருக்கு அந்தப் பக்கக் காதில் சத்தம் அதிகமாக ஒலிப்பதற்குக் காரணம் இந்த உறவுதான்.

பாதையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலுள்ள நரம்புக்கருவில் புறப்பாடு. உள்காதுத் துளை வழியாகப் பொட்டெலும்புக்குள் நுழைவு. எலும்புக்குள் ஒரு வளைந்த குழாய். காதுக்குக் கீழே ஸ்டைலோமாஸ்டாய்டு துளையில் வெளியேற்றம். அங்கிருந்து பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் சைகோமேட்டிக் கிளையும், கன்னத்துக்குப் போகும் பக்கல் கிளையின் மேல் இழைகளும் நம் தசைக்கு வருகின்றன. இவ்விரண்டும் கன்னத்தில் ஒன்றோடொன்று நிறைய இடங்களில் பின்னிக்கொள்வதால், ஒரு சின்னக் கிளை அறுந்தாலும் தசை முழுதாகச் செயலிழக்காமல் தப்பிப்பது உண்டு.

தோலின் உணர்ச்சி வேறு கணக்கு. மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் தொடுவதை உணர்வது ஐந்தாவது நரம்பின் இன்ஃப்ராஆர்பிட்டல் கிளை. அசைவு ஏழுக்கு, உணர்ச்சி ஐந்துக்கு. வாய்மொழித் தேர்வில் இதை மாற்றிச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய பேர்.

படி 6: ரத்தக் குழாய்களைக் கவனமாகப் படியுங்கள்

முகத்தமனி கீழ்த்தாடை விளிம்பை, மெல்லும் தசையான மாஸீட்டருக்குச் சற்று முன்னால் தாண்டுகிறது. அங்கே விரல் வைத்தால் நாடித் துடிப்பே தெரியும். பிறகு வளைந்து நெளிந்து வாயோரம் வந்து, மூக்கின் ஓரமாக ஏறி, கண்ணின் உள்மூலையில் ஆங்குலர் தமனி என்ற பெயரில் முடிகிறது. அந்தக் கடைசிப் பயணம் நம் தசையை ஒட்டியோ அதன் நார்களுக்கு நடுவிலோதான் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே தடம் என்று நினைக்க வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். இன்ஃப்ராஆர்பிட்டல் தமனியும் தசைக்கு ரத்தம் கொடுக்கிறது.

கண்ணின் உள்மூலையில் ஆங்குலர் தமனி, கண்தமனியிலிருந்து வரும் மூக்குக் கிளையோடு இணைகிறது. வெளி முகத்தின் ரத்த ஓட்டமும் கண்ணின் ரத்த ஓட்டமும் கைகோக்கும் இடம் இது. முகச் சுருக்கத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போடும்போது தவறுதலாகத் தமனிக்குள் மருந்து போனால், அது எதிர்த்திசையில் தள்ளப்பட்டு விழித்திரையின் தமனியை அடைத்துப் பார்வையைப் பறிக்கலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் மீட்பது மிகக் கடினம். பயிற்சி இல்லாத ஆள் கையில் மூக்கோரத்து ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சிரைகளும் அப்படித்தான். ஆங்குலர் சிரை கண்சிரையோடு சேர்கிறது, கண்சிரை மண்டைக்குள்ளிருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறையில் போய்ச் சேர்கிறது. மூக்கோரத்துக் கிருமி இந்த வழியாக மண்டைக்குள் போய்விடலாம். மூக்கோரத்துச் சீழ்க்கட்டியை நகத்தால் பிதுக்காதே என்று வீட்டில் சொல்வதற்கு உடற்கூறு ரீதியாக வலுவான காரணம் உண்டு.

படி 7: உணர்ச்சிகளோடு பொருத்துங்கள்

இந்தத் தசையை அருவருப்பின் தசை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், முகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒவ்வொரு தசையாகச் சுருங்கவைத்து, 1862-ல் தன் ஆய்வைப் படங்களோடு வெளியிட்டார். அவர் இதைத் தேம்பி அழுவதற்கான தசையாக வகைப்படுத்தினார். குழந்தை வீறிட்டு அழும்போது கவனியுங்கள். மேலுதடு சதுரமாக இழுபடும், மூக்கிறக்கை எழும்பும், மடிப்பின் மேல்பகுதி ஆழமாகும். டுஷேன் சொன்னது கண்முன் தெரியும். நாய் உறுமும்போது மேலுதடு ஏறிப் பல் தெரிவதும், அதன் முகத்திலுள்ள இதற்கு இணையான தசையால்தான்.

1978-ல் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முக அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார்கள். அதில் மூக்கைச் சுருக்கும் அசைவுக்கு 9, மேலுதட்டைத் தூக்கும் அசைவுக்கு 10. ஒன்பதுக்கு முக்கியக் காரணம் எல்எல்எஸ்ஏஎன், பத்துக்கு எல்எல்எஸ். நான்காம் படியில் கண்ணாடி முன் செய்த சோதனை இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடுதான். பரதமோ கூத்தோ கற்பவர்களுக்கும் இது பயன்படும். அருவருப்பைக் காட்டும் பீபத்ஸத்தில் மூக்கு மட்டும் சுருங்குகிறதா, புருவ நடுவும் இறங்குகிறதா, உதடு எவ்வளவு ஏறுகிறது என்று தனித்தனியே பழகலாம்.

படி 8: உடலறுப்பு மேசையில்

மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் இந்தப் படி. முகத்தோல் மெல்லியது, தசை நார்கள் அந்தத் தோலிலேயே முடிகின்றன. அதனால் தோலை வேகமாக உரித்தால் மூக்கிறக்கை, மேலுதட்டுப் பக்கம் தசையும் அதோடு பிய்ந்து வந்துவிடும். கண்ணின் உள்மூலையிலிருந்து தொடங்கி, நார் ஓடும் திசையிலேயே கீழே வாருங்கள். ஃபார்மலினில் ஊறிய தசை வெளிறிப்போய், கொழுப்போடு கொழுப்பாகத் தெரியும். நிறத்தை நம்பாமல் இழை ஓடுகிறதா என்று பாருங்கள். வழி தெரியாவிட்டால் தாடை விளிம்பில் முகத்தமனியைப் பிடித்து அதோடு மேலே ஏறுங்கள், அது உங்களைத் தசைக்கே கொண்டுபோய் விடும்.

படி 9: நோயாளியிடம் சோதித்துப் பாருங்கள்

முகவாதம் வந்தவரிடம், கெட்ட நாற்றம் வந்ததுபோல மூக்கைச் சுளிக்கச் சொல்லுங்கள். பாதித்த பக்கம் வழவழப்பாக அசையாமல் இருக்கும், நல்ல பக்கம் மட்டும் ஏறும். முகவாதத்தின் தீவிரத்தை அளக்கும் சன்னிபுரூக் முறையில் நோயாளியைச் செய்யச் சொல்லும் ஐந்து அசைவுகளில், உறுமுவதுபோல மேலுதட்டைத் தூக்குவதும் ஒன்று. நம் தசையும் எல்எல்எஸ்ஸும் அதில்தான் அளக்கப்படுகின்றன.

அடுத்து நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். பெல்ஸ் பால்ஸி என்ற முகவாதம்போல முகநரம்பிலேயே பாதிப்பு என்றால் அந்தப் பக்க நெற்றியும் அசையாது. பக்கவாதத்தில், மூளையிலிருந்து நரம்புக்கருவுக்குக் கட்டளை வரும் மேல்நிலைப் பாதை பாதிக்கப்பட்டால், மூக்கோரமும் வாயும் தொய்ந்திருக்க நெற்றி மட்டும் சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை போவதே காரணம். முகத்தின் ஒரு பக்கம் திடீரெனத் தொய்ந்தால், எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகவாத நோயாளி சிலர் அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொண்டது என்பார்கள். சளி இருக்காது. மூச்சை இழுக்கும்போது மூக்கிறக்கை உள்ளே சரியாமல் தாங்கிப் பிடிப்பதில் இந்தத் தசைகளுக்குப் பங்கு உண்டு. அவை தளர்ந்ததும் வாசல் குறுகிவிடுகிறது. விரலால் கன்னத்தை மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்ததும் மூச்சு சீரானால், அடைப்பு வாசலில்தான் என்று ஊகிக்கலாம்.

சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரிகிறவர்களுக்கு, மேலுதட்டைத் தூக்கும் தசைகள் கூடும் மூக்கிறக்கை ஓரத்தில், தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசியைச் சிறு அளவில் போட்டு, உதடு ஏறுவதைக் குறைக்கிறார்கள். பலன் சில மாதங்களே நிற்கும். அளவு மிஞ்சினாலோ இடம் தவறினாலோ மேலுதடு தொங்கி, சிரிப்பு கோணலாகும்.

படி 10: வரைந்து முடியுங்கள்

மண்டையோட்டின் பாதி முகத்தை மட்டும் வரையுங்கள். முதலில் ஃபிரான்டல் பிராசஸ், கண்குழி விளிம்பு, இன்ஃப்ராஆர்பிட்டல் துளை ஆகிய மூன்று எலும்பு அடையாளங்கள். பிறகு எல்எல்எஸ்ஏஎன், அதன் இரண்டு கிளைகளோடு. அதற்கு வெளியே எல்எல்எஸ், அதற்கும் வெளியே சைகோமேட்டிகஸ் மைனர். நேசாலிஸைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். மஞ்சளில் முகநரம்பின் இரண்டு கிளைகள் காதுப் பக்கமிருந்து வரட்டும். கடைசியாகச் சிவப்பில் முகத்தமனியை வாயோரத்திலிருந்து ஏற்றி, தசையை ஒட்டியே கண்ணின் உள்மூலைவரை கொண்டுபோங்கள். அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்காமல், ஒரு கையால் மூக்கோரத்தைத் தொட்டபடி மறு கையால் இதே படத்தை இன்னொரு முறை வரைந்து பாருங்கள். எந்தக் கோட்டில் கை தயங்குகிறதோ, அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.